ஆய்வுக் கட்டுரை படிக்கப் பழகுவோம்: புதிதாக வருபவர்களுக்கு

காசநோயாளியின் வீட்டுக்கு அரிசியும் பருப்பும் கொடுத்தால் நோய் பரவுவது பாதியாகிவிடும். பாறு கழுகுகள் அழிந்ததால் இந்தியாவில் ஐந்து லட்சம் பேர் இறந்தார்கள். கொரோனாவில் விட்டுப்போன படிப்பைத் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் ஆறே மாதத்தில் பிடித்துவிட்டார்கள். இந்த மாதிரிச் செய்திகள் உங்கள் கண்ணிலும் பட்டிருக்கும். மூன்றுக்கும் பின்னால் ஒழுங்காகச் செய்யப்பட்ட ஆய்வு இருக்கிறது. ஆனால் ஆய்வு சொன்னது ஒன்று, ஒரு வரியாகச் சுருங்கி நம் கைப்பேசிக்கு வந்து சேர்ந்தது இன்னொன்று.

மூலக் கட்டுரையை நாமே எடுத்துப் படிக்க முடியும். அதற்கு முனைவர் பட்டம் வேண்டாம், புள்ளியியலும் கரைத்துக் குடித்திருக்க வேண்டாம். ஓரளவு ஆங்கிலம், ஒரு மாலை நேரம், அப்புறம் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிற பிடிவாதம் இருந்தால் போதும். "யாரோடு ஒப்பிட்டு?" என்பதுதான் அந்தக் கேள்வி. கல்வி, மருத்துவம், சூழலியல், சமூகநலத் திட்டம் என்று எந்தத் துறைக் கட்டுரையாக இருந்தாலும் இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலை வைத்தே அதன் பலத்தை எடைபோடலாம்.

கட்டுரையைக் கண்டுபிடிப்பது

செய்தியில் ஆய்வாளர் பெயர், பல்கலைக்கழகம், ஆய்விதழ் இவற்றில் ஒன்றாவது இருக்கிறதா பாருங்கள். "ஆய்வு ஒன்று கூறுகிறது" என்பதோடு நின்றுவிட்டால் அந்தச் செய்தியை அங்கேயே விட்டுவிடலாம், நேரம் மிச்சம். பெயர் இருந்தால் கூகுள் ஸ்காலரில் ஆய்வாளரின் பெயரையும் பொருளைச் சொல்லும் இரண்டு ஆங்கிலச் சொற்களையும் போட்டுத் தேடுங்கள். முடிவுகளின் வலப்பக்கம் பிடிஎஃப் என்று இருந்தால் அது இலவசப் பிரதி. இல்லாவிட்டால் ஒவ்வொரு முடிவின் கீழேயும் அதன் எல்லாப் பதிப்புகளையும் காட்டும் இணைப்பு இருக்கும், அதை அழுத்துங்கள். பதிப்பாளர் தளத்தில் முப்பது நாற்பது டாலர் கேட்கிற கட்டுரை பல நேரம் அங்கே சும்மாவே கிடக்கும்.

அங்கும் இல்லையா? மருத்துவக் கட்டுரை என்றால் பப்மெட் சென்ட்ரல் என்ற இலவசக் களஞ்சியம், பொருளாதாரக் கட்டுரை என்றால் ஆய்வாளரின் சொந்த இணையதளம். அன்பேவால் என்ற உலாவி நீட்சியைப் போட்டுவைத்தால் சட்டப்படி கிடைக்கும் இலவசப் பிரதியை அதுவே தேடிக் காட்டும். கடைசி வழி, ஆய்வாளருக்கே இரண்டு வரி மின்னஞ்சல் எழுதிக் கேட்பது. கூச்சப்பட வேண்டாம். தன் கட்டுரையை யாரோ ஒருவர் படிக்க விரும்புகிறார் என்பதே அவர்களில் பலருக்கு மகிழ்ச்சியான செய்தி.

அரசுக் கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ படிப்பவர்கள், வேலை பார்ப்பவர்கள் இவ்வளவு அலைய வேண்டியதில்லை. 2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் 30 பதிப்பாளர்களின் சுமார் 13,000 ஆய்விதழ்கள் அரசு நிறுவனங்களுக்குத் திறந்துவிடப்பட்டிருக்கின்றன. இந்த வசதி இருப்பதே தெரியாமல் நான்கு வருடத்தை முடித்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. நூலகரிடம் போய்க் கேளுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. சாட்ஜிபிடி மாதிரி கருவியிடம் "இந்தப் பொருளில் பத்து ஆய்வுக் கட்டுரை சொல்லு" என்று கேட்டால், இல்லாத கட்டுரையைக்கூட ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்க எண் எல்லாம் சேர்த்து எடுத்து நீட்டும் ஆபத்து இருக்கிறது. புரியாத கலைச்சொல்லுக்கு விளக்கம் கேட்க அதைப் பயன்படுத்துங்கள், தப்பில்லை. கட்டுரை நிஜமா என்று பார்க்க அதன் டிஓஐ எண், அதாவது கட்டுரைக்குத் தரப்படும் தனி அடையாள எண், வேண்டும். 10 என்று தொடங்கும் அந்த எண்ணை டிஓஐ தளத்தில் போட்டால் கட்டுரைக்கு நேராகப் போக வேண்டும். போகாவிட்டால் சந்தேகப்படுங்கள்.

எங்கே வெளியாகியிருக்கிறது?

ஆய்விதழில் வருவதற்கு முன்பே கட்டுரையைப் பொதுவெளியில் வைக்கும் பழக்கம் இப்போது பல துறைகளில் வந்துவிட்டது. மருத்துவத்தில் மெட்ஆர்க்கைவ், உயிரியலில் பயோஆர்க்கைவ், பொருளாதாரத்தில் என்பிஇஆர் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனத்தின் ஒர்க்கிங் பேப்பர். சக ஆய்வாளர்கள் பரிசீலித்துத் திருத்தம் சொல்வதற்கு முந்தைய நிலை அது. அதனால் கட்டுரை மட்டம் என்று ஆகிவிடாது, எண்கள் பிறகு மாறலாம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். பின்னால் சொல்லப்போகும் தமிழ்நாட்டுக் கல்வி ஆய்வும் 2022-இல் ஒர்க்கிங் பேப்பராகத்தான் முதலில் வந்தது.

உண்மையான ஆபத்து, காசு கொடுத்தால் ஒரே வாரத்தில் எதையும் போட்டுவிடுகிற போலி ஆய்விதழ்கள். இந்தியாவில் யுஜிசி-கேர் என்றொரு நம்பகமான இதழ்களின் பட்டியலைப் பார்த்துச் சரிபார்க்கும் வழக்கம் இருந்தது. 2025 பிப்ரவரியில் யுஜிசி அதை நிறுத்திவிட்டது. இனி நாமேதான் பார்க்க வேண்டும். ஆசிரியர் குழுவில் இருப்பவர்கள் நிஜமானவர்களா, யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய திறந்த அணுக்க இதழ் என்றால் அத்தகைய இதழ்களுக்கான டிஓஏஜே பட்டியலில் இருக்கிறதா, தலைப்புக்குச் சம்பந்தமே இல்லாத துறைக் கட்டுரைகள் ஒரே இதழில் கலந்து கிடக்கின்றனவா என்று பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

எந்த வரிசையில் படிப்பது?

முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வரிசையாகப் படிக்காதீர்கள். புதிதாக வருபவர்கள் சோர்ந்து மூடிவைப்பது முன்னுரையில்தான். அது பழைய ஆய்வுகளின் பட்டியல், பெரும்பாலும் சக ஆய்வாளர்களுக்காக எழுதப்படுவது.

முதலில் சுருக்கத்தைப் படியுங்கள். அடுத்து நேராக அட்டவணைகளுக்கும் படங்களுக்கும் போங்கள். சுருக்கத்தில் சொன்ன எண் எந்த அட்டவணையின் எந்த வரியில் இருக்கிறது என்று விரல் வைத்துத் தேடுங்கள். அதைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பிறகு ஆய்வு முறை. அதிலும் எத்தனை பேர், எந்த ஊர், எந்த ஆண்டு, எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு சமன்பாடுகளைத் தாண்டிப் போகலாம். கடைசியில் வரம்புகளைச் சொல்லும் பகுதி. முன்னுரை மிச்சமிருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு.

யாரோடு ஒப்பிட்டு?

ஜார்கண்டில் நடந்த ரேஷன்ஸ் ஆய்வை எடுத்துக்கொள்வோம். அனுராக் பார்கவா, மாதவி பார்கவா குழுவினர் செய்தது, 2023 ஆகஸ்டில் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. கேள்வி எளிமையானது: காசநோயாளியோடு ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கு நல்ல சாப்பாடு கிடைத்தால் அவர்களுக்கு நோய் வருவது குறையுமா? நான்கு மாவட்டங்களில் 28 காசநோய் அலகுகளை (காசநோய்த் திட்டத்தின் நிர்வாகப் பிரிவுகளை) குலுக்கல் முறையில் இரண்டு அணியாகப் பிரித்தார்கள். ஒரு அணியில் வீட்டில் உள்ள பெரியவர் ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ துவரம்பருப்பு, சிறு பிள்ளைகளுக்கு அதில் பாதி, கூடவே நுண்சத்து மாத்திரை. இரண்டு அணியும் சேர்ந்து பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பத்தினர்.

மற்ற அணிக்கு ஒன்றுமே கிடைக்கவில்லையா? அப்படி இல்லை. நோயாளிக்கு மட்டும் இரண்டு அணியிலும் மாதம் 10 கிலோ உணவுப் பை கொடுத்தார்கள். ஆகவே இங்கே ஒப்பீடு, 'உணவு கொடுத்த வீடு, கொடுக்காத வீடு' என்பதல்ல. நோயாளிக்கு மட்டும் கொடுத்த வீட்டுக்கும் எல்லாருக்கும் கொடுத்த வீட்டுக்கும் இடையிலானது. ஒரு பை அரிசி வறுமையான வீட்டுக்குள் போனால் நோயாளி மட்டுமா சாப்பிடுவார் என்று உங்களுக்குத் தோன்றினால் சரியான பாதையில்தான் யோசிக்கிறீர்கள். அப்படிப் பகிர்ந்திருந்தால், ஆய்வு காட்டிய வித்தியாசம் உண்மையானதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

இதே குழு நோயாளிகளைப் பற்றி லான்செட் குளோபல் ஹெல்த்தில் இன்னொரு கட்டுரையும் வெளியிட்டது. முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் கூடியவர்களிடம் இறப்பு அபாயம் 61 சதவீதம் குறைவு என்றது அது. கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் நம் கேள்வியைக் கேளுங்கள். நோயாளிகள் எல்லாருக்குமே உணவு கொடுத்தாயிற்று, கொடுக்காத நோயாளிகள் அணி கிடையாது. எடை கூடியவர்களையும் கூடாதவர்களையும்தான் ஒப்பிடுகிறார்கள். எடை கூடியதால் பிழைத்தார்களா, மருந்து நன்றாக வேலை செய்து உடம்பு தேறியதால் எடை கூடியதா? இரண்டும் கலந்திருக்கலாம். ஒரே குழு, ஒரே ஊர், ஒரே ஆண்டு. ஆனாலும் ஒரு கட்டுரையின் சான்று இன்னொன்றைவிடப் பலமானது.

குலுக்கிப் போட முடியாத விஷயங்களும் உண்டு. பாறு கழுகுகளை இந்த மாவட்டத்தில் அழி, அந்த மாவட்டத்தில் விட்டுவை என்று யாரும் சோதனை நடத்த முடியாது. 1990-களில் மாடுகளுக்கு வலி மருந்தாக டைக்குளோஃபினாக் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியது. அந்த மருந்து ஏறிய மாட்டின் சடலத்தைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து கூட்டம் கூட்டமாகச் செத்தன. காரணம் இந்த மருந்துதான் என்று 2004-இல் பாகிஸ்தானில் நடந்த ஆய்வு காட்டியது, 2006-இல் இந்தியா கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தது. சரி, இதனால் மனிதர்களுக்கு என்ன ஆயிற்று?

அயல் ஃப்ராங்க், அனந்த் சுதர்சன் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் இதைப் பிடித்த விதம்தான் அழகு. கழுகு வாழ ஏற்ற மாவட்டங்களையும் ஏற்காத மாவட்டங்களையும் வாழிட வரைபடத்தை வைத்துப் பிரித்தார்கள். மருந்து வருவதற்கு முன் இரண்டு வகை மாவட்டத்திலும் இறப்பு விகிதம் ஒரே போக்கில்தான் போய்க்கொண்டிருந்தது. கழுகுகள் விழுந்த பிறகு, அவை வாழ்ந்த மாவட்டங்களில் மட்டும் இறப்பு விகிதம் 4 சதவீதத்துக்கு மேல் கூடியது. அழுகும் சடலங்கள், பெருகிய தெருநாய்கள், கெட்டுப்போன நீர்நிலைகள் என்று அதற்கான வழிகளுக்கும் தடயம் காட்டினார்கள். 2000 முதல் 2005 வரை ஆண்டுக்குச் சுமார் ஒரு லட்சம் கூடுதல் இறப்பு என்பது இவர்களின் மதிப்பீடு. செய்தியில் வந்த ஐந்து லட்சம் இந்தக் கணக்கிலிருந்துதான். இது மருத்துவமனைப் பதிவேட்டில் எண்ணி எடுத்த தொகை அல்ல. இரண்டு வகை மாவட்டங்களின் வித்தியாசத்தை மக்கள்தொகையால் பெருக்கி வந்தது.

இந்த வகை ஆய்வில் நீங்கள் தேட வேண்டியது ஒரு படம். இரண்டு கோடுகள் மாற்றத்துக்கு முன்பு சேர்ந்தே போய், பின்பு பிரிகின்றனவா? முன்பே பிரிந்துபோய்க்கொண்டிருந்தால் கட்டுரை சொல்லும் காரணம் ஆட்டம் காண்கிறது.

ஜெர்மனியின் பூச்சி ஆய்வும் படித்துப் பார்க்க வேண்டியது. 2017-இல் பிளாஸ் ஒன் இதழில் வந்தது, யாரும் இலவசமாகப் படிக்கலாம். 63 பாதுகாக்கப்பட்ட இடங்களில் கூடாரம் போன்ற பொறி வைத்து, 27 ஆண்டுகளில் பறக்கும் பூச்சிகளின் மொத்த எடை 76 சதவீதம் குறைந்ததாகக் கண்டார்கள். அளந்தது எடையை, இனங்களின் எண்ணிக்கையை அல்ல. அதோடு, பெரும்பாலான இடங்களில் ஒரே ஒரு ஆண்டுதான் பொறி வைத்திருக்கிறார்கள். அதாவது அன்றைய ஓர் இடத்தை இன்றைய வேறோர் இடத்தோடு, வானிலை, தாவரம் போன்றவற்றுக்குக் கணக்கு சரிசெய்து ஒப்பிடுகிறார்கள். இதனால் முடிவு பொய் என்றாகிவிடாது. "உலகப் பூச்சிகளில் முக்கால்வாசி காலி" என்று யாராவது சொன்னால், அதை இந்தக் கட்டுரை சொல்லவில்லை என்று நாம் சொல்லலாம்.

எண்களைப் பிரித்துப் பார்ப்பது

ரேஷன்ஸ் ஆய்வுக்கே திரும்புவோம். எல்லா வகைக் காசநோயும் சேர்த்து 39 சதவீதம் குறைவு, கிருமி உறுதியான நுரையீரல் காசநோய் மட்டும் 48 சதவீதம் குறைவு. 'பாதியாகக் குறைந்தது' என்பது இரண்டாவது எண். இப்போது அட்டவணைக்குப் போங்கள். ஒப்பீட்டு அணியில் நோய் வந்தவர்கள் 2.6 சதவீதம், உணவு பெற்ற அணியில் 1.7 சதவீதம். வித்தியாசம் 0.9. நூற்றுக்கு ஒருவர்கூட முழுசாக இல்லை. வேறு மாதிரிச் சொன்னால், ஒருவருக்கு நோய் வராமல் தடுக்கச் சுமார் 110 பேருக்கு உணவு கொடுக்க வேண்டும்.

39 பெரிதாகத் தெரிகிறது, 0.9 சிறிதாகத் தெரிகிறது, இரண்டுமே உண்மை. கொள்கை முடிவுக்கு இரண்டாவதுதான் உதவும். 110 பேருக்கு அரிசி பருப்பு கொடுக்க ஆகும் செலவையும் ஒரு காசநோயாளியால் குடும்பத்துக்கும் அரசுக்கும் ஆகும் செலவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். என் கணிப்பில் அது கொடுக்கத் தகுந்த செலவுதான். காசநோயைத் தவிர வேறு பலனும் அந்தச் சாப்பாட்டுக்கு உண்டு. எந்தச் சுகாதாரச் செய்தியிலும் சதவீதம் குறைந்தது, கூடியது என்று வந்தால் "எதிலிருந்து எதற்கு?" என்று கேட்டு மூல எண்களை எடுத்துவிடுங்கள்.

அடைப்புக்குறிக்குள் 95 சதவீதம் என்று போட்டு இரண்டு எண்கள் வரும். நம்பக இடைவெளி என்பார்கள். இந்த ஆய்வில் உணவு பெற்ற அணியில் நோய் வந்த வேகத்தை மற்ற அணியின் வேகத்தோடு ஒப்பிடும் விகிதம் 0.61, இடைவெளி 0.43 முதல் 0.85 வரை. தரவோடு பொருந்திப்போகும் குறைவு 15 சதவீதமாகவும் இருக்கலாம், 57 சதவீதமாகவும் இருக்கலாம் என்று புரிந்துகொள்ளுங்கள். விகிதமாகச் சொல்லும்போது இந்த இடைவெளிக்குள் 1 என்ற எண் (இரண்டு அணிக்கும் வித்தியாசமே இல்லை என்று பொருள்) வந்துவிட்டால், பலன் இருக்கிறது என்று அடித்துச் சொல்ல முடியாது.

கல்விக் கட்டுரைகளில் சதவீதத்துக்குப் பதில் திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகிப் பரவியிருக்கின்றன என்பதன் அளவு) வரும், பலரும் அங்கே தடுக்கி விழுவார்கள். அபிஜித் சிங், மொரீசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்தார்கள். 2021 டிசம்பரில் பிள்ளைகள் கணக்கில் 0.7 திட்ட விலக்கமும் மொழியில் 0.34 திட்ட விலக்கமும் பின்தங்கியிருந்தார்கள். யாரோடு ஒப்பிட்டு? அதே கிராமங்களில் 2019-இல் அதே வயதில் இருந்த பிள்ளைகளோடு.

0.7 என்றால் எவ்வளவு? 2019-இல் நூறு பிள்ளைகளை மதிப்பெண் வரிசையில், குறைந்ததிலிருந்து நிறுத்துங்கள். நடுவில் 50-ஆவது இடத்தில் ஒரு பிள்ளை. மதிப்பெண்கள் மணி வடிவில் பரவியிருப்பதாக வைத்துக்கொண்டால், 0.7 பின்தங்கும் பிள்ளை அதே வரிசையில் 24-ஆவது இடத்துக்குப் போய்விடும். மொழியில் 37-ஆவது இடம். இப்படி மாற்றிப் பார்த்தால் எண் பேச ஆரம்பித்துவிடும். அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு பள்ளி திறந்து ஆறு மாதத்தில் மீண்டது, அதாவது மூன்றில் ஒரு பங்கு மீளவில்லை. மீண்டதில் சுமார் 24 சதவீதம் மாலை நேர இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தின் பங்கு என்று கணக்கிட்டார்கள். 'திட்டம்தான் எல்லாவற்றையும் மீட்டது' என்பவருக்கும் 'ஒன்றும் உதவவில்லை' என்பவருக்கும் இதே வரியே பதில்.

மூடுவதற்கு முன்

கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் யார் பணம் கொடுத்தார்கள், ஆய்வாளர்களுக்கு வேறு ஆதாயம் உண்டா என்று இருக்கும். படியுங்கள். மருத்துவச் சோதனை என்றால் இந்தியாவில் சிடிஆர்ஐ பதிவேட்டில் முன்கூட்டியே பதிந்திருக்க வேண்டும். தொடங்கும்போது எதை அளப்போம் என்று சொன்னார்கள், கடைசியில் எதைப் பெரிதாகக் காட்டுகிறார்கள் என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பிறகு, கட்டுரை திரும்பப் பெறப்பட்டதா என்று ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளத்தில் தேடுங்கள். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்ட 1998-ஆம் ஆண்டு லான்செட் கட்டுரை வெறும் 12 பிள்ளைகளைப் பற்றியது, ஒப்பீட்டு அணியே இல்லாதது. திரும்பப் பெற 2010 வரை ஆனது, அதற்குள் பரவிய பயம் இன்னும் ஓயவில்லை. 2020-இல் ஹைட்ராக்சிகுளோரோகுயின் பற்றி 96,000 நோயாளிகளின் தரவு என்று சொல்லி அதே இதழில் வந்த கட்டுரை, தரவைச் சரிபார்க்க முடியாமல் இரண்டே வாரத்தில் திரும்பப் பெறப்பட்டது. பெரிய இதழ், பெரிய எண் என்பதெல்லாம் உத்தரவாதம் இல்லை.

முதல் கட்டுரையாக எதை எடுப்பது என்று கேட்டால், புதியதைச் சொல்ல மாட்டேன். 1959-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்த சென்னை ஆய்வு பப்மெட் சென்ட்ரலில் இலவசமாக இருக்கிறது. இன்று சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருக்கும் மையம் செய்தது. 193 நோயாளிகளைக் குலுக்கிப் பிரித்து, பாதிப் பேரைச் சானடோரியத்தில் (தங்கிச் சிகிச்சை பெறும் காசநோய் மருத்துவமனையில்) படுக்கவைத்தார்கள், மீதிப் பேருக்கு நெருக்கடியான வீட்டிலேயே மருந்து கொடுத்தார்கள். சானடோரியத்தில் சாப்பாடு நன்றாக இருந்தது, எடையும் அங்கேதான் அதிகம் கூடியது. குணமானவர்கள் விகிதமோ இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். உலகம் முழுக்கக் காசநோயாளிகள் வீட்டிலிருந்தே மருந்து சாப்பிடலாம் என்ற முடிவுக்கு வழிவிட்ட கட்டுரை இது. மொழியும் நேரடியானது, சமன்பாடு கண்ணைக் கட்டாது.

அதைப் படித்த கையோடு ரேஷன்ஸ் கட்டுரையை எடுங்கள். ஒன்று சாப்பாடு பெரிய வித்தியாசம் செய்யவில்லை என்கிறது, மற்றொன்று செய்கிறது என்கிறது. முரண்பாடு மாதிரித் தெரியும். ஒரு தாளை இரண்டாக மடித்து, இடப்பக்கம் 1959, வலப்பக்கம் 2023 என்று எழுதுங்கள். யாரைப் பார்த்தார்கள், யாரோடு ஒப்பிட்டார்கள், எதை அளந்தார்கள் என்று மூன்று வரி நிரப்புங்கள். சென்னையில் பார்த்தது மருந்து சாப்பிடும் நோயாளி குணமாவதை. ஜார்கண்டில் பார்த்தது பக்கத்தில் படுத்திருப்பவருக்கு நோய் வருவதை.